பில்லுக்கு முன்னால் ஒரு நடை

சென்னை நடைபாதைகளில் கோடு போட்ட மஞ்சள் கற்களைப் பதித்திருக்கிறார்கள். பலரும் அதை அழகுக்கு என்றே நினைத்துக் கடந்துபோகிறார்கள். அது பார்வையற்றவர்களுக்கான வழித்தடம். கைத்தடிக்கும் பாதத்துக்கும் நீளக்கோடு தட்டுப்பட்டால் நேரே போகலாம். குமிழ்கள் தட்டுப்பட்டால் நிற்க வேண்டும். செயிச்சி மியாகே என்ற ஜப்பானியர் உருவாக்கிய இந்தக் கல், 1967-ல் ஒகயாமா நகரத் தெருவில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டது. நம்மூரில் அதைப் பிடித்துக்கொண்டே போனால் சில இடங்களில் மின்வாரியப் பெட்டியில் முட்டிக்கொள்ள வேண்டியதுதான். பெட்டி தப்பினால் மரம், மரம் தப்பினால் யாரோ நிறுத்திவிட்டுப் போன பைக்.

அளவுகள் தெரியாமல் நடக்கும் தவறல்ல இது. நடப்பதற்குக் குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாத அகலம் வேண்டும், விளிம்பின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012-லேயே வகுத்துவிட்டது. தெருவில் நிலைமை வேறு. மூட்டுவலிக்காரப் பெரியவர் ஒருவர் விளிம்பில் ஒரு காலை வைத்து, பிடிமானத்துக்கு எதுவும் அகப்படாமல் காலை இறக்கிக்கொண்டு, தார்ச்சாலையிலேயே நடக்கிறார். "பிளாட்பாரத்துல போ பெருசு!" என்று கத்திவிட்டுப் போகிறார் ஆட்டோக்காரர்.

பைக்குகளைத் தடுக்க நட்ட குட்டைத் தூண்களின் கதை இன்னும் வேடிக்கை. பைக் வளைந்து நெளிந்து உள்ளே போய்விடுகிறது. சக்கர நாற்காலிதான் வெளியே நிற்கிறது.

நடப்பவர்களுக்கும் சைக்கிளில் செல்பவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014-ல் ஏற்றது. 2019-ல் பாண்டி பஜாரின் அகன்ற நடைபாதை திறக்கப்பட்டது. ஆக, பணமும் திறமையும் இல்லை என்று சொல்ல முடியாது. வேலை சரியாக முடிந்ததா என்று நடந்து பார்க்கத்தான் ஆளில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 கட்டடங்களுக்கு ஒரு கடிவாளம் போட்டிருக்கிறது: அணுகல் விதிகளைப் பின்பற்றாத கட்டடத்துக்குப் பணிநிறைவுச் சான்றிதழ் கிடையாது. இதைக் கறாராக அமல்படுத்தச் சொல்லி 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டது. நடைபாதைக்கும் அதே கறார் வேண்டும். சக்கர நாற்காலியில் ஒருவரும் கைத்தடியுடன் ஒருவரும் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தனியாகப் போய்வந்து கையெழுத்துப் போடட்டும். ஒப்பந்ததாரரின் பில் அதற்குப் பிறகு பாஸாகட்டும். ஆறே மாதத்தில் கேபிளுக்கோ குடிநீர்க் குழாய்க்கோ அதே இடத்தைத் தோண்டுகிறார்களே, அந்தப் பில்லுக்கும் இதே கையெழுத்தைக் கேட்க வேண்டும்.