இந்த வருடம் நாங்கள் கேட்ட றொக் அல்பங்கள் (கொஞ்சம் நீளமான பதிவு)



2024 முடியப் போகிறது. வருடக் கடைசியில் ஆளாளுக்கு வாசித்த புத்தகம், பார்த்த படம் என்று பட்டியல் போடுகிறார்கள். நாங்கள், அதாவது பாடசாலை விட்ட பிறகு ஒன்றாக உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் நாலைந்து ஆசிரியர்கள், இந்த வருடம் வெளிவந்த றொக் அல்பங்களைப் பற்றி எழுதுவோம் என்று முடிவெடுத்தோம். "ஸேர்மாருக்கு வேற வேலை இல்லையா?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே பதில்: இப்போது லீவுதான்.

இசை கூடுமா கூடாதா என்ற விவாதத்தை இங்கே திறக்கவில்லை. அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குள்ளேயே பல கருத்துகளும் இருக்கின்றன. கேட்பதே இல்லை என்று இருப்பவர்களின் பேணுதலை மதிக்கிறோம். ஆனால் எங்கட வகுப்புப் பிள்ளைகளில் பாதிப்பேரின் போனில் றொக் இருக்கிறது. வாப்பாவுக்குத் தெரியாமல், உம்மாவுக்கு அரைகுறையாகத் தெரிந்து, ஹெட்போன் வழியாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதை "சைத்தானுடைய சத்தம்" என்ற ஒரு சொல்லில் முடித்துவிட்டுப் போனைப் பறித்து அலுமாரிக்குள் வைப்பதால் பிள்ளையின் காதுக்குள் இருப்பது வெளியே வராது. அந்தச் சத்தத்துக்குள் என்ன சொல்கிறார்கள் என்று பெரியவர்கள் ஒருமுறையாவது கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான் எங்கள் கட்சி. இந்த வருடம் கேட்டவர்களுக்குத் தெரியும், அந்தச் சத்தத்துக்குள் எங்களைப் பற்றியும் நிறைய இருந்தது.

முதல் இடம் எங்களுக்குள் சண்டையே இல்லாமல் எம்டூ மொக்தாருக்கு. நைஜர் நாட்டுக்காரர், துவாரக் முஸ்லிம், இடதுகைக் கிற்றார்க்காரர். மே மாதம் வந்த அவருடைய அல்பத்தின் பெயர் 'ஃபியூனரல் ஃபோர் ஜஸ்டிஸ்'. எங்கட பாஷையில் சொன்னால் நீதியின் ஜனாஸா.

இவருடைய கதையைக் கேட்டால் எங்கட ஊர்ப் பொடியன் ஒருவனின் கதை மாதிரி இருக்கும். மார்க்கப் பற்றுள்ள குடும்பம், கிற்றார் வாசிப்பதை வீட்டில் விரும்பவில்லை. பழைய சைக்கிளின் பிரேக் கம்பிகளை நரம்பாகக் கட்டித் தானே ஒரு கிற்றார் செய்து பழகினார். 2008இல் நைஜீரியாவின் சொகொட்டோ நகரத்துக்குப் போய்ப் பாட்டுப் பதிவு செய்தார். அந்தப் பாட்டுகள் கடைக்கு வந்து விற்கவில்லை. சஹாராப் பக்கத்து ஊர்களில் ஒருவருடைய போனிலிருந்து மற்றவருடைய போனுக்கு, மெமறி காட்டிலிருந்து மெமறி காட்டுக்குப் பரவின. எங்கட சந்தியிலும் போன் கடையில் ஐம்பது ரூபாய் கொடுத்து மெமறி காட்டில் பாட்டு நிரப்பிக்கொண்டு வந்த காலம் ஒன்று இருந்ததே, அதேதான்.

பிறகு அவரை வைத்து ஒரு படமும் வந்தது. பிரின்ஸ் நடித்த 'பர்ப்பிள் ரெயின்' படத்தை மனதில் வைத்து எடுத்தது. அவர்களுடைய தமாஷெக் மொழியில் ஊதா நிறத்துக்குத் தனிச் சொல் இல்லையாம். ஆகவே படத்தின் பெயரையே "கொஞ்சம் சிவப்புக் கலந்த நீல நிற மழை" என்று வைத்துவிட்டார்கள். மொழிப் பாடம் படிப்பிக்கிற எங்களில் ஒருவருக்கு இந்த ஒரு தகவலே போதுமாக இருந்தது, ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இந்த அல்பம் கோபமான அல்பம். நைஜரின் வடக்கில் ஆர்லிட் என்ற இடத்தில் 1970களில் இருந்து பிரெஞ்சுக் கம்பனிகள் யுரேனியம் தோண்டி வந்தன. பிரான்ஸின் மின்சாரத்தில் பெரும்பங்கு அணு உலைகளில் இருந்து வருகிறது. யுரேனியம் கொடுத்த நைஜரில் பெரும்பாலான வீடுகளுக்கு இன்றும் கரண்ட் இல்லை. 'ஓ ஃபிரான்ஸ்' என்ற பாட்டு நேரே அந்த நாட்டைக் கூப்பிட்டுக் கணக்குக் கேட்கிறது. ஆபிரிக்கத் தலைவர்களையும் விட்டுவைக்கவில்லை, தலைப்புப் பாட்டே அவர்களை நோக்கித்தான். 2023 ஜூலையில் நைஜரில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது இவர்கள் அமெரிக்காவில் கச்சேரிப் பயணத்தில் இருந்தார்கள். ஊருக்குத் திரும்ப வழியில்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டு, செலவுக்கு ரசிகர்களிடம் உதவி கேட்க வேண்டி வந்தது. உலகம் முழுக்கக் கைதட்டினாலும் வீட்டுக்குப் போக முடியாத நிலை.

எங்களை அதிகம் தொட்டது 'இமூஹார்' என்ற பாட்டு. தமாஷெக் மொழியைக் கைவிடாதீர்கள் என்று சொந்த மக்களிடம் கெஞ்சும் பாட்டு. அந்த மொழிக்குச் சொந்த எழுத்து இருக்கிறது, எழுதத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். இதைக் கேட்டபோது எங்களுக்கு அறபுத்தமிழ் ஞாபகம் வந்தது. எங்கட மூத்தம்மாமார் அறபு எழுத்தில் தமிழை வாசித்தவர்கள். மாலைகளும் கிதாபுகளும் அந்த எழுத்தில்தான் வீட்டில் இருந்தன. இன்று பெட்டிக்குள் கிடக்கும் அந்தக் கிதாபை எடுத்துக் கொடுத்தால் குடும்பத்தில் எத்தனை பேருக்கு வாசிக்கத் தெரியும்? பட்டதாரிகள் வீட்டிலும் இதே நிலைதான். நாங்கள் யார், எங்கட மொழி எது என்று மேடை போட்டு வாதாடும் நாம், கையில் இருந்த எழுத்தைப் பற்றி ஒரு பாட்டும் பாடவில்லை.

அடுத்தது கனடாவின் மொன்றியல் நகரத்துக் குழு, கொட்ஸ்பீட் யூ! பிளக் எம்பரர். ஒக்டோபரில் வந்த அல்பத்துக்கு அவர்கள் பெயர் வைக்கவில்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "2024 பெப்ரவரி 13 வரை தலைப்பு இல்லை, 28,340 மரணம்" என்ற பொருளில் ஒரு வரி மட்டும் இருக்கிறது. காஸாவில் அந்தத் திகதி வரை கொல்லப்பட்டதாகச் சுகாதார அமைச்சு சொன்ன எண்ணிக்கை அது. இந்தப் பதிவை எழுதும்போது அந்த எண்ணிக்கை 45,000ஐத் தாண்டிவிட்டது. அல்பம் கடைக்கு வரும்போதே தலைப்பு பழசாகிவிட்டது. கணித ஆசிரியரான நண்பர் அந்த அட்டையைப் பார்த்துவிட்டு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

இந்த அல்பத்தில் பாடுபவர் கிடையாது. ஒரு இடத்தில் ஸ்பானிய மொழியில் ஒரு பெண்ணின் குரல் சிறிது நேரம் பேசும், அவ்வளவுதான். மிச்சமெல்லாம் கிற்றாரும் வயலினும் மேளமும். ஒரு துண்டின் பெயர் 'ரெயின்ட்ரொப்ஸ் காஸ்ட் இன் லெட்', ஈயத்தில் வார்த்த மழைத்துளிகள். 2008 கடைசியில் காஸாவைத் தாக்கியபோது இஸ்ரேல் அந்த நடவடிக்கைக்கு "வார்த்த ஈயம்" என்று பெயர் வைத்தது ஞாபகம் உள்ளவர்களுக்கு அந்தத் தலைப்பைக் கண்டதும் உடம்பு சிலிர்க்கும். கடைசித் துண்டு, சாம்பல் நிற இடிபாடும் பச்சைத் தளிரும். பொறுமை இல்லாதவர்களுக்கு இது தூக்க மருந்து, அதையும் சொல்லிவிடுகிறோம். ஆனால் வார்த்தை இல்லாதது எங்களுக்கு ஆறுதலாக இருந்தது. காஸாவுக்காக நாம் சொல்லாத சொல் என்ன மிச்சம் இருக்கிறது? குனூத் ஓதினோம், பதாகை பிடித்தோம், முகப்புப் படத்தை மாற்றினோம், குளிர்பானத்தைப் பகிஷ்கரித்தோம், மூன்றாம் மாதம் மறுபடி குடித்தோம். சொல் தேய்ந்துபோன இடத்தில் இவர்கள் சொல்லே இல்லாமல் ஐம்பது நிமிடத்துக்கு மேல் அழுகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிலருக்குப் பிடிக்காது, பரவாயில்லை. இந்தக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான எஃப்ரிம் மெனக் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். எங்கட தெருவில் "யூதன்" என்ற சொல்லை ஏச்சாகவே பாவிக்கிறோம். சின்னப் பிள்ளைகள்கூட விளையாட்டில் களவெடுப்பவனை அப்படித்தான் ஏசுகிறார்கள். 28,340 என்று அட்டையில் எழுதி வைத்தவர்களில் அவரும் ஒருவர் என்பதை அந்தப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டும். நாங்கள் சொல்லப்போகிறோம்.

மூன்றாவது, தி கியூர். இங்கிலாந்துக் கிழவர்கள். பாடகர் றொபர்ட் ஸ்மித்துக்கு 2024இல் 65 வயது. 2008க்குப் பிறகு 16 வருடம் புது அல்பமே இல்லை, நவம்பர் 1ஆம் திகதி 'சோங்ஸ் ஒஃப் எ லொஸ்ட் வேர்ல்ட்' வந்தது. எட்டே பாட்டு. முதல் பாட்டில் மூன்று நிமிடத்துக்கு மேல் காத்திருந்தால்தான் குரல் வரும். அவசரமே இல்லை. இந்த இடைவெளியில் தாய், தகப்பன், அண்ணன் என்று அவருக்கு மௌத்துக்கு மேல் மௌத்து. அண்ணனுக்காகப் பாடிய பாட்டின் தலைப்பு, "என்னால் ஒருபோதும் விடைசொல்ல முடியாது" என்ற பொருள் தருவது.

இந்தத் தலைப்பை எங்கட சமூகத்தில் ஒருவர் படித்தால் என்ன நினைவுக்கு வரும்? 2020இலும் 2021 தொடக்கத்திலும் கொவிட் என்று சொல்லி எங்கட ஜனாஸாக்களை எரித்தார்கள். பிறந்து இருபது நாளான குழந்தையையும் எரித்தார்கள். குளிப்பாட்டாமல், கஃபன் இடாமல், தொழுவிக்காமல். மையித்து வீட்டுக்கு வரவில்லை. பிறகு ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்க அனுமதி கிடைத்தபோதும் நாலைந்து மணித்தியாலம் பயணம் போய்த் தூர நின்று பார்த்த குடும்பங்கள் உண்டு. இந்த வருடம் ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. பத்திரிகையில் ஒரு நாள் செய்தி, அடுத்த நாள் வேறு செய்தி. அந்தக் குடும்பங்களுக்கு அது எந்த அளவுக்குப் போய்ச் சேர்ந்தது என்று நாம் யாரும் வீட்டுக்குப் போய்க் கேட்கவில்லை. "அல்லாஹ்வுடைய நாட்டம், ஸபுர் செய்யுங்கள்" என்று சொன்னோம். அது உண்மை, அதில் மறு பேச்சில்லை. ஆனால் ஸபுர் என்பது வாயை மூடிக்கொண்டிருப்பது என்று யார் சொல்லித் தந்தது? மகனை இழந்த யஃகூப் நபி கண் பார்வை போகும் அளவுக்கு அழுதார், அவர்தான் அழகிய பொறுமைக்கு உதாரணம்.

றொபர்ட் ஸ்மித்துக்கு ஓட்டமாவடி எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆனாலும் நவம்பர் கடைசியில் மாவடிப்பள்ளி வெள்ளத்தில் மத்ரஸாப் பிள்ளைகள் உழவு இயந்திரத்தோடு அடிபட்டுப் போன அந்த வாரத்தில், வீட்டில் கரண்ட் இல்லாத இரவுகளில், போனில் மிச்சமிருந்த சார்ஜில் நாங்கள் இந்த அல்பத்தைத்தான் கேட்டோம். இப்போது சுனாமிக்கும் 20 வருடம். கரையோர ஊர்களில் அந்த நாளைப் பற்றி இன்னும் வாய் திறக்காத வாப்பாமார் இருக்கிறார்கள்.

பிள்ளைகளுடைய முதல் இடம் வேறு. லின்கின் பார்க். செஸ்டர் பெனிங்டன் 2017இல் தற்கொலை செய்துகொண்ட பிறகு முடிந்துபோனது என்று நினைத்த குழு, எமிலி ஆம்ஸ்ட்ரோங் என்ற பெண் பாடகியோடு நவம்பர் 15ஆம் திகதி 'ஃபுரொம் ஸீரோ' என்று திரும்பி வந்தது. ஏ.எல். பரீட்சைக்குச் சரியாகப் பத்து நாள் இருக்கும்போது! உம்மாமார் எங்களுக்குக் கோல் எடுத்து முறைப்பட்டார்கள். எங்களுக்கு அல்பம் சுமார்தான், பழையதன் நிழல் அதிகம். ஆனால் பரீட்சை தொடங்கி மழையால் நின்று, திரும்பத் தொடங்கிய அந்தக் கிழமைகளில் பிள்ளைகள் ஏன் இதைக் கேட்டார்கள் என்பது விளங்குகிறது. "டொக்டரா இஞ்சினியரா" என்பதைத் தவிர வேறு கேள்வி கேட்காத வீட்டில், தலைக்குள் இருக்கும் இரைச்சலை இன்னொருவர் சத்தமாகக் கத்தும்போது பிள்ளைக்கு மூச்சு வருகிறது. செஸ்டருக்கு என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியும். பாட்டைத் தடுப்பதைவிட, அதைப் பற்றி அவர்களிடம் பேசுவது அவசரம்.

பேர்ள் ஜாமின் 'டார்க் மெட்டர்' நன்றாக இருந்தது. கிரீன் டேயின் 'சேவியர்ஸ்' ஒருமுறை கேட்டோம், மறந்துவிட்டோம்.

கடைசியாக, இந்த வருட அல்பம் இல்லாத ஒன்று. இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் காரூட் என்ற இடத்து மூன்று பெண் பிள்ளைகள், வொய்ஸ் ஒஃப் பசெப்ரொட். பசெப்ரொட் என்றால் அவர்களுடைய சுண்டா மொழியில் இரைச்சல். பர்தாவோடு ஹெவி மெட்டல் வாசிக்கிறார்கள். 'ரெடாஸ்' அல்பம் போன வருடம் வந்தது. ஆனால் இந்த வருடம் ஜூனில் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் ஏறிய முதல் இந்தோனேசியக் குழு இவர்கள்தான், ஆகவே சேர்க்கிறோம். 2014இல் மத்ரஸாவில் படிக்கும்போது தொடங்கியது. வாத்தியத்தைக் கையில் கொடுத்தவர் அவர்களுடைய பாடசாலை ஆசிரியர். துடியாட்டப் பிள்ளைகள் என்று மற்றவர்கள் ஒதுக்கியவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தவர். ஊரில் மிரட்டல்கள் வந்தன. "இறைவா, இசைக்க எனக்கு அனுமதி தா" என்ற பொருளில் ஒரு பாட்டே எழுதினார்கள்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு எங்கட பெண் பிள்ளைகள் தலையை மூடியதற்காகக் கேட்ட கேள்விகள் எத்தனை. அதே பிள்ளைகள் வாயைத் திறந்தால் கேள்வி கேட்பது நாங்கள். அழகியல் பாடம் என்று அரசாங்கம் சங்கீதம், நடனம், நாடகம், சித்திரம் எல்லாம் வைத்திருக்கிறது. எங்கட பாடசாலைகள் பலவற்றில் சித்திரம் மட்டும்தான், விருப்பம் கேட்கும் பேச்சே இல்லை. றபானும் பக்கீர் பைத்தும் களிகம்பும் இருந்த ஊர்கள் இவை. வெசாக் காலத்தில் நாடு முழுக்க ஒலிக்கும் சிங்கள பௌத்த பக்திப் பாடல்களைப் பாடிய மொஹிதீன் பேக் யாருடைய ஆள்?

எங்கிருந்து தொடங்குவது என்று இன்பொக்ஸில் கேட்கப் போகிறவர்களுக்கு: 'இமூஹார்' பாட்டை முதலில் கேளுங்கள். தி கியூரை இரவில், தனியாக. கொட்ஸ்பீட்டைக் கேட்க ஒரு மணித்தியாலம் ஒதுக்க வேண்டும், வேலை செய்துகொண்டு கேட்டால் பிடிபடாது. வீட்டில் பிள்ளை இருந்தால் அதன் ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள், ஆளுக்கொரு காது.