புதிருக்கு வேறு விடை கண்டால் குற்றமா?

ஒருவர் ஒரு புதிர் போடுகிறார். அதற்கு ஒரு விடையை மனத்தில் வைத்திருக்கிறார். விடுவிக்க வந்தவன் அந்த விடையைச் சொல்லவில்லை. வேறு ஒரு விடையைச் சொல்கிறான். அதுவும் பொருந்துகிறது!

இப்போது வென்றது யார்? புதிர் போட்டவரா? விடுவித்தவனா?

விடுகதை பிறந்த நாளிலேயே இந்தச் சண்டையும் பிறந்திருக்க வேண்டும். இன்று அது வீடியோ விளையாட்டுகளில் மும்முரமாக நடக்கிறது. "விளையாட்டைச் செய்தவர் நினைத்த வழிதான் சரியான வழி" என்கிறது ஒரு கட்சி. "ஊர் போய்ச் சேர்ந்துவிட்டேன். எந்த ரோட்டில் வந்தாய் என்று கேட்பானேன்?" என்கிறது மறு கட்சி. வாதம் ஓய்ந்தபாடில்லை.

கம்ப்யூட்டரோ, செல்போனோ இருக்கும் வீட்டில் இந்தச் சண்டை கூடத்துக்கே வந்துவிடும். அண்ணன் ஒரு வழியில் முடிப்பான். தம்பி வேறு வழியில் முடிப்பான். "அம்மா! இவன் ஏமாற்றிவிட்டான்!" என்று புகார் வரும். அம்மா என்ன தீர்ப்புச் சொல்வது?

அதற்கு ஒரு விளையாட்டின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

பச்சை முடிக் குள்ளர்கள்

ஸ்காட்லாந்தில் டண்டீ என்று ஒரு துறைமுக நகரம். ஒரு காலத்தில் நம் வங்காளத்துச் சணலை வாங்கிச் சாக்குத் துணி நெய்து பெயர் பெற்ற ஊர். அங்கே டி.எம்.ஏ. டிசைன் என்று ஒரு சிறு கம்பெனி இருந்தது. அது செய்த ஒரு விளையாட்டு 1991-ம் ஆண்டு வெளிவந்தது. அதன் பெயர் 'லெம்மிங்ஸ்'.

லெம்மிங் என்பது குளிர் நாடுகளில் வாழும் எலி போன்ற சிறு பிராணி. அவை கூட்டம் கூட்டமாகப் பாறையில் இருந்து குதித்து உயிரை விடும் என்று ஒரு கதை உண்டு. அது வெறும் கட்டுக்கதை. ஆனால், விளையாட்டுக்கு அது நல்ல கருவாக அமைந்துவிட்டது.

திரையில் ஒரு கதவு திறக்கும். பச்சை முடியும் நீல அங்கியுமாகக் குள்ளர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கீழே குதிப்பார்கள். குதித்ததும் நடப்பார்கள். சுவர் வந்தால் திரும்புவார்கள். பள்ளம் வந்தால் விழுவார்கள். நெருப்பு எதிரே இருந்தாலும் நிற்கமாட்டார்கள்!

அவர்களைக் காப்பாற்றி வாசலில் சேர்ப்பதுதான் ஆடுகிறவரின் வேலை. 'இப்படிப் போ, அப்படிப் போ' என்று அவர்களை நடத்த முடியாது. வேலை கொடுக்க மட்டுமே முடியும். மொத்தம் 8 வேலைகள். ஒருவன் சுவர் ஏறுவான். ஒருவன் குடை விரித்து இறங்குவான். ஒருவன் கைகளை விரித்து மற்றவர்களை மறிப்பான். ஒருவன் 12 படிகள் வைத்துப் பாலம் கட்டுவான். ஒருவன் நேராகக் குடைவான். ஒருவன் சாய்வாக வெட்டுவான். ஒருவன் கீழ் நோக்கித் தோண்டுவான். இன்னொருவன், பாவம், 5 நொடி கழித்து வெடித்துச் சிதறுவான்!

ஒவ்வொரு வேலையையும் இத்தனை தடவைதான் கொடுக்கலாம் என்று அளவு உண்டு. நேரத்துக்கும் அளவு உண்டு. இத்தனை பேர் பிழைக்க வேண்டும் என்ற கணக்கும் உண்டு. இப்படி 120 கட்டங்கள். ஒவ்வொன்றும் ஒரு புதிர்.

முதலாளி தோற்றார்

அந்தப் புதிர்களைப் போட்டவர்கள் கம்பெனிக்காரர்களே. ஒருவர் ஒரு கட்டத்தை அமைப்பார். மற்றவர்கள் அதை ஆடிப் பார்ப்பார்கள். கம்பெனி முதலாளி டேவிட் ஜோன்சும் இந்தப் போட்டியில் இறங்கினார்.

மிகக் கடினமான கட்டம் ஒன்றை அமைத்துவிட்டோம் என்று மார்தட்டிக்கொண்டு வருவார் முதலாளி. "இதை முடியுங்கள், பார்ப்போம்!" என்பார். அவரிடம் வேலை பார்த்தவர்கள் சற்று நேரம் திரையைப் பார்ப்பார்கள். பிறகு, முதலாளி வைத்த பொறிகள் அத்தனையையும் ஒதுக்கிவிட்டு, அவர் கனவிலும் நினைக்காத சுலபமான வழியைக் காட்டிவிடுவார்கள். முதலாளியின் முகம் விழுந்துவிடும். ஓட்டையை அடைக்க ஓடுவார். லெம்மிங்சை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக் டெய்லி இதைப் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதலாளி யாரையும் திட்டவில்லை. "நான் நினைத்த வழியில்தான் நீ போக வேண்டும்" என்று சட்டம் போடவில்லை. தம் புதிரைத்தான் திருத்தினார்.

திருத்துவதற்குப் பல முறைகள் உண்டு. ஒரு சுவரை உயர்த்தலாம். நேரத்தைக் குறைக்கலாம். கருவியைக் குறைக்கலாம். லெம்மிங்சில் ஒரே இடம் இரண்டு தடவை வருவதும் உண்டு. முதல் தடவை கருவிகள் தாராளமாகக் கிடைக்கும். எப்படியும் முடிக்கலாம். அடுத்த தடவை விரல் விட்டு எண்ணக்கூடிய கருவிகளே இருக்கும். அப்போதுதான் மூளைக்கு உண்மையான வேலை!

கொல்லைப்புற வழி

இந்த விளையாட்டுக்கு ரசிகர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களே புதிய கட்டங்களை அமைத்து, ஒருவருக்கு ஒருவர் சவால் விடுகிறார்கள். அமைத்தவர் நினைக்காத வழிக்கு அவர்கள் 'பேக்ரூட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 'கொல்லைப்புற வழி' என்று நாம் சொல்லலாம்.

கொல்லைப்புற வழியைக் கண்டுபிடித்தவர் அதை அமைத்தவருக்கே காட்டுவார். அமைத்தவர் அந்த வழியை அடைத்துவிட்டுக் கட்டத்தை மீண்டும் வெளியிடுவார். மறுபடியும் ஒருவர் வேறு ஓட்டையைக் காட்டுவார். இந்தப் போட்டியில் இருவருமே கெட்டிக்காரர் ஆகிறார்கள்.

ஆனால், எல்லாக் கொல்லைப்புற வழிகளும் ஒரே ஜாதி அல்ல. இங்கேதான் சண்டை சூடு பிடிக்கிறது.

மூளையா, விரலா?

லெம்மிங்சில் உயரத்தில் இருந்து விழுகிறவன் செத்துப்போவான். இது விதி. ஆனால், சில பதிப்புகளில் அவன் சரியாக வாசலின் நடுவே வந்து விழுந்தால் பிழைத்துக்கொள்வான்! சற்று விலகி விழுந்தால் தீர்ந்தான். இது செய்தவர்கள் வேண்டுமென்று வைத்த விதியா? கணக்கில் நேர்ந்த பிசகா? வாதம் இங்கே கிளம்புகிறது.

இன்னும் சில வித்தைகள் உண்டு. பத்துப் பேர் நெருக்கிக்கொண்டு நடக்கும்போது, அதில் ஒருவனை மட்டும், இமைக்கும் நேரத்தில், மயிரிழை தப்பாமல் தொட வேண்டும். வழி தெரிந்தாலும் விரல் பிந்தினால் எல்லாம் பாழ். நூறு தடவை முயன்றால் ஒரு தடவை பலிக்கும்.

ஜப்பானில் ஹிரோயுக்கி இமபயாஷி என்பவர் 1981-ல் 'சோகோபன்' என்ற விளையாட்டை உருவாக்கினார். 'கிடங்குக்காரன்' என்று பொருள். கிடங்கில் கிடக்கும் பெட்டிகளைத் தள்ளி உரிய இடத்தில் சேர்க்க வேண்டும். தள்ளலாம், இழுக்க முடியாது. இதில் விரல் வேகத்துக்கு வேலையே இல்லை. ஒரு மணி நேரம் யோசித்துவிட்டு ஓர் அடி வைக்கலாம். எண்பது வயதுப் பாட்டியும் எட்டு வயதுப் பேரனும் சரிசமமாக ஆடலாம்.

இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் தகராறுக்குக் காரணம். யோசித்துக் கண்ட புது வழி ஒரு விடை. விரலால் செய்த அரிய வித்தை ஒரு சாதனை. விடை வேறு, சாதனை வேறு.

கை நடுங்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். விரல் சரியாக வளையாத குழந்தைகள் இருக்கிறார்கள். புதிர் என்று சொல்லி அவர்களை அழைத்துவிட்டு, உள்ளே வந்ததும் விரல் வேகத்தைக் கேட்பது நியாயமா? விளையாட்டைச் செய்தவர் நினைத்த வழியே அப்படி இருந்தால், தவறு அவருடையதுதான்! லெம்மிங்ஸ் ரசிகர்கள் இதற்கும் பரிகாரம் கண்டார்கள். அவர்கள் செய்த புதிய பதிப்பு ஒன்றில் ஆட்டத்தைப் பின்னால் ஓட்டலாம். துளித் துளியாக நகர்த்தியும் பார்க்கலாம். விரல் பிந்திய குற்றத்துக்காக யாரும் தோற்க வேண்டியதில்லை.

பாதிரியார் கண்ட வழி

"ஆயிரம் சொன்னாலும், புதிர் போட்டவர் மனத்தில் உள்ளதுதானே உண்மையான விடை?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் 1895-ம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. அதுவும் அதே ஸ்காட்லாந்தில்!

கிளாஸ்கோ நகரத்து வாரப் பத்திரிகை ஒன்றில் பார்பியர் என்பவர் சதுரங்கப் பகுதி எழுதிவந்தார். அதில் ஒரு புதிர் வெளியிட்டார். வெள்ளைக்கு ஒரு ராஜா, ஒரு சிப்பாய். கறுப்புக்கு ஒரு ராஜா, ஒரு யானை. ஆட்டம் சமனில் முடியும் என்பது பார்பியரின் விடை. காரணம் இதுதான்: சிப்பாய் கடைசிக் கட்டத்தை அடைந்து ராணியாக மாறும். உடனே கறுப்பு தன் யானையைப் பலி கொடுக்கும். ராணி அதை வெட்டியாக வேண்டும். வெட்டினால் கறுப்பு ராஜாவுக்கு நகர இடம் இருக்காது. ஆட்டம் சமன்!

அந்த ஊரில் சாவேத்ரா என்ற ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார் இருந்தார். பெரிய ஆட்டக்காரர் அல்ல. அவர் கேட்டார்: "சிப்பாயை ராணியாக ஏன் மாற்ற வேண்டும்? யானையாக மாற்றினால் என்ன?"

பெரிய பதவி கைக்கு எட்டும்போது சிறிய பதவியைக் கேட்பார் உண்டா? ஆனால், அந்தச் சிறிய பதவியில்தான் வெற்றி இருந்தது. யானையாக மாறினால் கறுப்பின் தந்திரம் பலிக்காது. வெள்ளை ஜெயித்துவிடும். பார்பியர் தம் பிடிவாதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. பாதிரியார் சொன்னதை ஏற்றுக்கொண்டார். இன்றும் சதுரங்க உலகில் அந்தப் புதிருக்குச் 'சாவேத்ராவின் நிலை' என்றே பெயர்.

போட்டவர் நினைத்ததுதான் விடை என்று அன்று சாதித்திருந்தால், சதுரங்கம் ஓர் அற்புதத்தை இழந்திருக்கும்.

என்ன தீர்ப்பு?

மறு கட்சி சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. புதிர் போட்டவர் பல நாள் உழைத்திருக்கிறார். ஒரு கட்டத்தில் கற்கும் பாடம் அடுத்த கட்டத்துக்கு உதவும். குறுக்கே தாண்டினால் அந்தப் பாடம் தவறிவிடும். அதுபோக, புதிரைத் தொடாமலே தாண்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

2007-ல் வெளிவந்த 'போர்ட்டல்' என்ற விளையாட்டு இதற்குச் சான்று. சுவரில் இரண்டு மாய வாசல்களைத் திறந்து, ஒன்றில் நுழைந்து மற்றொன்றில் வெளிவந்து, அறை அறையாகக் கடக்க வேண்டும். சில கில்லாடிகள் அறைக்கு வெளியே நழுவிச் சென்று, சுவருக்குப் பின்னால் ஓடி, ஆட்டத்தை முடிக்கிறார்கள்! இதைப் புதிருக்கு விடை என்று சொல்ல முடியுமா? முடியாது. ஆனால் வித்தை என்று பாராட்டலாம். வேகப் போட்டிக்காரர்கள் அதைத்தான் செய்கிறார்கள். அறைக்குள்ளேயே ஓடியவர்களுக்கு ஒரு பட்டியல். வெளியே நழுவியவர்களுக்கு இன்னொரு பட்டியல். பிசகு எதையும் பயன்படுத்தாதவர்களுக்குத் தனிப் பட்டியல். தகராறு தீர்ந்தது.

ஆகவே, அம்மா சொல்ல வேண்டிய தீர்ப்பு சுலபம். தம்பியிடம், "எப்படி முடித்தாய்? அண்ணனுக்குச் சொல்லிக்கொடு" என்று கேட்க வேண்டும். அவன் விளக்கிச் சொல்லி, அண்ணனும் அதன்படி செய்து முடித்தால், அது விடைதான். முழு மார்க் கொடுக்கலாம். விளக்க முடிகிறது, ஆனால் அண்ணனால் நூறு தடவை முயன்றும் செய்ய முடியவில்லை என்றால், அது கை வித்தை. கை தட்டலாம். விடையை இன்னும் தேட வேண்டும். சுவருக்குப் பின்னால் ஓடினான் என்றால், அதையும் ரசித்துவிட்டு, "சரி, இனி அறைக்குள் வா" என்று சொல்லலாம்.

எதற்கும் திட்டு மட்டும் வேண்டாம். 25-ஐ 16-ஆல் பெருக்கச் சொன்னால், சில பிள்ளைகள் வரிசையாகப் பெருக்கிக் கூட்டமாட்டார்கள். 'நாலு இருபத்தைந்து நூறு. நாலு நூறு நானூறு' என்று முடித்துவிடுவார்கள். வழி மாறியதற்காக அந்தக் கணக்கில் சிவப்பு மைக் கோடு விழுந்தால், அடுத்த முறை அந்தப் பிள்ளை யோசிக்காது. சொன்ன வழியில் மட்டும் நடக்கும். பள்ளம் வந்தாலும், நெருப்பு வந்தாலும், நிற்காமல் நடக்கும் அந்தப் பச்சை முடிக் குள்ளனைப் போல!