பழைய கேமராவும் பையில் இருக்கட்டும்

லாபிஸ் வட்டாரத்தில் ஆலயத் திருவிழாவும் கல்யாணமும் படமெடுப்பவருக்கு ஃபுல் ஃபிரேம் கேமரா ஆடம்பரமல்ல. அதன் 36×24 மி.மீ. சென்சார், கேனனின் ஏபிஎஸ்-சி சென்சாரைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் பெரிது. மண்டபத்தின் மங்கிய வெளிச்சத்திலும் முகங்கள் தெளிவாக விழும்.

அதற்காகப் பழைய ஏபிஎஸ்-சி கேமராவை விற்றுவிடக் கூடாது.

பெக்கோக் வழியாக எண்டாவ்-ரொம்பின் காட்டுக்கு இருவாச்சி தேடிப் போகும்போது, 400 மி.மீ. லென்ஸ் அந்தப் பழைய கேமராவில்தான் 640 மி.மீ. போல எட்டிப் பிடிக்கும். புதிது வாங்குமுன் கையிலுள்ள லென்ஸ்களைப் பார்ப்பதே முதல் வேலை. 2019இல் வந்த கேனன் ஈஓஎஸ் ஆர்பி, அடாப்டர் போட்டால் இஎஃப் லென்ஸ்களை அப்படியே ஏற்கும். ஏபிஎஸ்-சி கேமராவுக்கான இஎஃப்-எஸ் லென்ஸ் மாட்டினாலோ 26 மெகாபிக்சல் படம் ஏறத்தாழ பத்தாகச் சுருங்கிவிடும்.