பாட்டில் ஊத்தினா வண்டி பறக்குமா?

போன வாரம் அக்கா பையன் குடும்பத்தோட ஊருக்கு வந்திருந்தான். எலக்ட்ரானிக் சிட்டியில வேலை. 2021-ல வாங்கின பெட்ரோல் கார். தக்காளி ஒரு கூடை வெச்சு அனுப்பலாம்னு டிக்கியைத் திறந்தா, ஓரமா ஆறு சின்ன பாட்டில் நிக்குது. என்னடா தம்பி இருமல் மருந்தான்னு கேட்டேன்.

"இல்ல மாமா, ஆக்டேன் பூஸ்டர். இ20 பெட்ரோல் வந்ததிலிருந்து மைலேஜ் போச்சு. டேங்க் நிரப்பறப்ப ஒரு பாட்டில் ஊத்திக்கறேன்."

ஒரு பாட்டில் 600 ரூபாய். 40 லிட்டருக்கு ஒண்ணு. அப்படின்னா லிட்டருக்கு 15 ரூபாய் கூடுதல். எங்க ஓசூர் பக்கம் லாரிக்காரங்க டீசல்ல ஒண்ணு ரெண்டு ரூபாய் மிச்சம் பிடிக்க அத்திப்பள்ளி தாண்டிப் போய் நிரப்பிட்டு வருவாங்க. இவன் நின்ன இடத்துலயே 15 ரூபாய் ஊத்திட்டு இருக்கான்.

சிரிச்சேன். ஆனா அவனைப் பார்த்து இல்ல. மூணு வருஷம் முன்னாடி நானும் இதே வேலையைப் பண்ணினவன்தான்.

என்கிட்ட ஒரு பழைய ஆம்னி இருக்கு. காய்கறி கிரேடு ஏத்திக்கிட்டு கிருஷ்ணகிரியிலிருந்து திரும்பறப்ப, மேலுமலை ஏத்தத்துல இன்ஜின்ல ஒரு சத்தம் வர ஆரம்பிச்சது. தகர டப்பாவுல கல்லைப் போட்டுக் குலுக்கற மாதிரி. ஒரு உதிரிபாகக் கடையில கேட்டேன். "பெட்ரோல் சரியில்லண்ணா, இதை ஊத்துங்க"ன்னு ஒரு பாட்டில் கொடுத்தாங்க. நாலு பாட்டில் ஊத்தினேன். முதல் தடவை சத்தம் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருந்தது. அப்புறம் பழைய கதை.

கடைசியில ராயக்கோட்டை ரோட்டுல எங்க மெக்கானிக் பாய்கிட்ட விட்டேன். ரேடியேட்டரைக் கழட்டிக் காட்டினார். உள்ள பாதி வெள்ளையா உப்புப் படிஞ்சு அடைச்சிருந்தது. தண்ணி குறையறப்பல்லாம் போர் தண்ணியை ஊத்தினது நான்தான். அதனால இன்ஜின் சூடு ஏறுது. சூடு ஏறினா அந்தச் சத்தம் வரும். பிளக்கும் கரி பிடிச்சுக் கிடந்தது. ரேடியேட்டரைச் சுத்தம் பண்ணி, பிளக் மாத்தி, கூலன்ட் ஊத்தினார். நாலு பாட்டில் காசை விடக் கம்மிதான் ஆச்சு. சத்தம் நின்னுது. "உங்க நிலத்துக் கிணத்துத் தண்ணி வாழைக்குத்தாண்ணா, வண்டிக்கு இல்ல"ன்னார்.

அப்பதான் இந்த ஆக்டேன்னா என்னன்னு விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். விஷயம் சுலபம்தான். இன்ஜினுக்குள்ள பெட்ரோலையும் காத்தையும் ஏறத்தாழ பத்துல ஒரு பங்காச் சுருக்கி அழுத்தறாங்க. பிளக் பொறி விட்டதும் ஒரு பக்கத்திலிருந்து வரிசையா எரியணும். சூடும் அழுத்தமும் அதிகமானா, மூலையில இருக்கற கலவை பொறி வந்து சேர்றதுக்குள்ள தானாவே பத்திக்கும். அதுதான் அந்த டப்பா சத்தம், நாக்கிங். அப்படித் தானாப் பத்திக்காம பெட்ரோல் எவ்வளவு தாங்கும்ங்கிறதுக்கான அளவுதான் ஆக்டேன் எண். பொறுமைக்கான மார்க்குன்னு வெச்சுக்கலாம். சக்திக்கான மார்க் இல்ல. ஆக்டேன் அதிகமா இருக்கற பெட்ரோல்ல கூடுதல் சக்தி எதுவும் ஒளிஞ்சு கிடக்கல.

அதனால 91 போதும்னு செஞ்ச இன்ஜினுக்கு 97 கொடுத்தா அதுக்கு ஒண்ணும் ஆகாது, நல்லதும் ஆகாது. அமெரிக்காவுல ஏ.ஏ.ஏ.ங்கிற வாகன ஓட்டிகள் சங்கம் 2016-ல இதைச் சோதிச்சுப் பார்த்தது. சாதாரண பெட்ரோல் போதும்னு எழுதியிருக்கற கார்கள்ல பிரீமியம் பெட்ரோல் போட்டுப் பார்த்தாங்க. பலன் இல்ல. அந்த ஊர்க்காரங்க வருஷத்துக்கு 200 கோடி டாலருக்கு மேல இப்படி வீணாக்கறாங்கன்னு கணக்குச் சொன்னாங்க.

பாட்டில்ல இன்னொரு வேடிக்கை இருக்கு. '30 பாயின்ட் ஏறும்'னு போட்டிருப்பாங்க. 91 போய் 121 ஆகும்னு நாம நினைப்போம். அவங்க பாஷையில 10 பாயின்ட்தான் ஒரு ஆக்டேன். 30 பாயின்ட்னா 3. உரக்கடையில தர்ற டானிக் பாட்டில்காரங்க இவங்ககிட்டப் பாடம் படிக்கணும்.

அந்த டானிக் கதையும் இதேதான். பயிர் மஞ்சளாச்சுன்னா உடனே ஒரு பாட்டில் தருவாங்க. மண்ணுல துத்தநாகம் குறைஞ்சிருந்தா ஜிங்க் சல்பேட் போட்டதும் பயிர் எழுந்து நிக்கும். குறையலன்னா, போட்ட காசு வாய்க்கால்ல போகும். முதல்ல மண்ணைப் பார்க்கணும், அப்புறம்தான் மருந்து.

சரி, அக்கா பையன் விஷயத்துக்கு வர்றேன். அவன் கார் மேனுவலை எடுக்கச் சொன்னேன். 91 போதும்னு இருந்தது. நம்ம நாட்டுல ஒரு காலத்துல சாதாரண பெட்ரோல் 88-தான். அப்புறம் 91 ஆச்சு. இப்ப பங்க்ல தர்ற இ20-ல 95-ன்னு பெட்ரோலிய அமைச்சகமே சொல்லுது. எத்தனாலோட ஆக்டேன் 100-க்கு மேல. 20 சதவீதம் அதைக் கலந்ததால இந்த ஏத்தம். அப்ப அவன் டேங்க்ல கேட்டதை விட ஆக்டேன் ஏற்கெனவே கூடுதலா இருக்கு. போதாததுக்கு ஓசூர், பெங்களூரு எல்லாம் 3000 அடி உயரம். இங்க காத்து லேசு, அழுத்தமும் கம்மி. சாதாரண இன்ஜின் இங்க நாக்கிங் பண்றது சமவெளியை விடக் குறைவுதான்.

அப்புறம் மைலேஜ் ஏன் குறைஞ்சது? அதுக்குக் காரணம் ஆக்டேன் இல்ல. ஒரு லிட்டர் எத்தனால்ல பெட்ரோலை விட மூணுல ஒரு பங்கு சக்தி கம்மி. அஞ்சுல ஒரு பங்கு அதைக் கலந்தா மொத்தத்துல ஆறேழு சதவீதம் குறையும். நிதி ஆயோக் 2021-ல போட்ட அறிக்கையே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காகச் செஞ்சு இ10-க்கு சரிபண்ணின கார்ல 6-7 சதவீதம், டூவீலர்ல 3-4 சதவீதம் மைலேஜ் குறையும்னு சொல்லியிருக்கு. 15 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 14 கொடுக்கும். இல்லாத சக்தியை எந்த பாட்டிலாலயும் திரும்பக் கொண்டுவர முடியாது. பழைய வண்டியில ரப்பர் ஹோஸ், கேஸ்கெட் கெட்டுப்போற கவலை நியாயமானது. அதுக்கும் ஆக்டேன் பூஸ்டர் மருந்தில்ல, ஹோஸை மாத்தறதுதான் மருந்து. சில பாட்டில்ல எம்.எம்.டி.ன்னு மாங்கனீஸ் சேர்ந்த மருந்து இருக்கும். அது பிளக்குல செங்காவி நிறத்துல படியும். காசும் போய் பிளக்கும் போகும்.

இந்த பாட்டிலுக்கு ஒரு மூதாதை உண்டு. 1921-ல அமெரிக்காவுல தாமஸ் மிட்ஜ்லிங்கிறவர் ஈயம் கலந்தா நாக்கிங் நிக்கும்னு கண்டுபிடிச்சார். சாராயம் கலந்தாலும் நிக்கும்னு அவருக்கே தெரியும். ஆனா காப்புரிமை போட்டுக் காசு பார்க்க ஈயம்தான் வசதி. 1924-ல அதைத் தயாரிச்ச இடத்துலயே தொழிலாளிங்க செத்தாங்க. அப்படியும் உலகமே அதை ஊத்துச்சு. இந்தியாவுல அதை நிறுத்தினது 2000 பிப்ரவரியில. கடைசியா அல்ஜீரியா 2021-ல நிறுத்திச்சு. சத்தம் நிக்கணும்னு நூறு வருஷம் குழந்தைங்க மூச்சுல ஈயத்தைக் கலந்தோம்.

இப்ப ஈயம் போய் எத்தனால் வந்திருக்கு. ஈயத்தை விட நல்லதுதான், மறுக்கல. விவசாயிக்கு லாபம்னு எங்க பேரைச் சொல்லித்தான் இதைக் கொண்டுவந்தாங்க. மக்காச்சோளம் போடறவன் நான். கேட்பு கூடினப்ப எனக்கும் நாலு காசு அதிகம் கிடைச்சது, பொய் சொல்ல மாட்டேன். ஆனா 2025-26-க்கு குவிண்டால் 2400 ரூபாய்னு ஆதரவு விலை அறிவிச்சும், அதே நவம்பர்ல கர்நாடகத்துல விலை இல்லாம மக்காச்சோள விவசாயிங்க ரோட்டுக்கு வந்தாங்க. கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க 2860 லிட்டர் தண்ணி ஆகும்னு அந்த நிதி ஆயோக் அறிக்கையிலயே இருக்கு. ஆயிரம் அடி போர் போட்டும் புகை வர்ற ஊர்ல இருந்து இதை எழுதறேன்.

என் கருத்து இதுதான். எத்தனால் வேண்டாம்னு சொல்லல. பழைய வண்டி வெச்சிருக்கறவனுக்கு இ10 பெட்ரோலும் பங்க்ல நியாயமான விலைக்குக் கிடைக்கணும். இ20-க்கு மைலேஜ் குறையற அளவுக்கு விலையும் குறையணும். இந்த ரெண்டும் இல்லாததாலதான் ஜனங்க பயந்து பாட்டில் வாங்கறாங்க.

பூஸ்டர் யாருக்குத் தேவை? மேனுவல்ல 97, 98 வேணும்னு எழுதியிருக்கற வண்டிக்காரருக்கு, பங்க்ல அந்த பெட்ரோல் கிடைக்காத ஊர்ல தேவைப்படலாம். மத்தவங்களுக்கு வேண்டாம். டப்பா சத்தம் வந்தா ரேடியேட்டர், பிளக், ஏர் ஃபில்டர் பாருங்க. மைலேஜ் போச்சுன்னா டயர்ல காத்து பாருங்க.

அக்கா பையன் டயர்ல காத்துப் பார்த்தோம். 33 இருக்க வேண்டிய இடத்துல 25 இருந்தது. "யார்ரா இதைப் பார்க்கறது?"ன்னேன். "சர்வீஸ்ல பார்ப்பாங்க மாமா"ன்னான்.