மனநோயும் கணக்கும்

எந்த ஊருக்குப் போய், "இங்கே மனநோய் உள்ளவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்டாலும், "எங்கள் ஊரில் அப்படி ஒருவரும் இல்லை" என்றுதான் பதில் வருகின்றது. கண் தெரியாதவர் எத்தனை பேர், கால் நடக்க வராதவர் எத்தனை பேர் என்றால் வீட்டைக் காட்டி விரல் விட்டு எண்ணிச் சொல்லும் நம் ஜனங்கள், இந்த ஒரு விஷயத்தில் மாத்திரம் வாயை மூடிக்கொள்ளுகின்றார்கள். ஆனால் அதே ஊரில் இரவானால் உடுக்கைச் சத்தம் கேட்கின்றது. இன்னார் மகளுக்குப் பேய் பிடித்திருக்கின்றது என்ற பேச்சும் நடக்கின்றது. ஆகவே நோய் இல்லாமலில்லை. நோய்க்குக் கணக்குத்தான் இல்லை.

கணக்கு இல்லாவிட்டால் என்ன மோசம் என்று சிலர் கேட்கலாம். 2001ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6ந் தேதி விடியற்காலையில், இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கீற்றுக் கொட்டகை தீப்பற்றி எரிந்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஆதலால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அவ்வளவு பேரும் ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு தாய் வயிற்றில் பிறந்தவர்கள்தானே! ஊரார் "இல்லை" என்று சொல்லிவிட்ட ஒரு மனிதன், எங்கே, எந்தத் தூணில் கட்டப்பட்டிருக்கின்றான் என்று யார் தேடப் போகின்றார்கள்? இதுதான் கணக்கில்லாததால் வரும் மோசமாகும்.

சரி, கணக்கே கிடையாதா என்றால், உண்டு. தேடிப் பார்ப்பவர்கள்தான் குறைவு. 2011ஆம் வருஷத்துச் சென்சஸ் கணக்கில், இந்தியா முழுமைக்கும் மனநோயால் ஊனமுற்றவர்கள் சுமார் 7 லட்சத்து 22 ஆயிரம் பேர் என்று எழுதப்பட்டது. 121 கோடி ஜனங்களில் இது பதினாயிரத்துக்கு ஆறு பேர். பிறகு 2015-16இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனத்தார், தமிழ்நாடு உள்பட 12 மாகாணங்களில் 34,802 வயது வந்தவர்களை நேரில் விசாரித்துத் தேசிய மனநல ஆய்வு ஒன்று நடத்தினார்கள். அதிலே நூற்றுக்கு 10.6 பேருக்கு அச்சமயத்தில் ஏதோ ஒரு மனக்கோளாறு இருந்ததாகக் கண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் வைத்தியமே பெறவில்லை என்றும், வைத்தியம் கிடைக்காதவர் தொகை நோய்க்குத் தக்கபடி நூற்றுக்கு 70 முதல் 92 வரை என்றும் கண்டார்கள்.

பதினாயிரத்துக்கு ஆறு எங்கே, நூற்றுக்குப் பத்து எங்கே? இதில் எது பொய் என்று வாசகர்கள் கேட்கலாம். இரண்டும் பொய்யல்ல, கேட்ட கேள்வி வேறு, கேட்ட விதமும் வேறு. சென்சஸ்காரர் வாசலில் நின்று, ஊனம் என்று சொல்லத்தக்க அளவு நோயுள்ளவர் வீட்டில் உண்டா என்று கேட்டார். பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீட்டில் யார் "உண்டு" என்பார்கள்? நிம்ஹான்ஸாரோ, தூக்கம் எப்படி, துக்கம் எத்தனை நாள், குடி எவ்வளவு என்று ஒவ்வொரு அடையாளமாக அவரவரையே கேட்டார்கள். லேசான நோயையும் குடிப்பழக்கத்தையும் சேர்த்தே எண்ணினார்கள்.

ஆகவே எந்தக் கணக்கைப் பார்த்தாலும் நான்கு கேள்விகள் கேட்கவேண்டும். எண்ணினவர் யார்? எதை நோய் என்று எண்ணினார்? யாரை எண்ணாமல் விட்டார்? எதோடு ஒப்பிட்டார்? தற்கொலைக் கணக்கும் அப்படியே. 2022இல் இந்தியாவில் 1,70,924 பேரும், தமிழ்நாட்டில் 19,834 பேரும் தற்கொலையால் மாண்டார்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தார் வெளியிட்டார்கள். இது போலீசு தாக்கலில் இருந்து எடுத்தது. போலீசுக்குப் பயந்து வயிற்று வலி என்றும் விபத்து என்றும் சொல்லி மறைத்தவை இதில் வரா. ஆகையால் உண்மைத் தொகை இதற்குக் குறையாது, கூடவே இருக்கும்.

இந்த நான்கு கேள்விகளைப் பூசாரியிடமும் மந்திரவாதியிடமும் கேட்டுப் பாருங்கள்! தேறினவன் பெயரை ஊர் ஊராய்ச் சொல்லுவார்கள். தேறாமல் திரும்பினவனை எந்த ஏட்டில் எழுதி வைத்திருக்கின்றார்கள்? நூறு பேர் வந்து பத்துப் பேர் தேறினால், அந்தப் பத்துப் பேர் சும்மா வீட்டில் இருந்திருந்தாலும் தேறியிருக்க மாட்டார்கள் என்பதற்கு ருசு என்ன?

நிற்க, நமது கட்சிக்கு விரோதமாகத் தோன்றும் கணக்கையும் நாம் மறைக்கப் போவதில்லை. 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் சராசரி ஆறு வாரம் தங்கிய 31 மனநோயாளிகளைச் சோதித்ததில், நோயின் கடுமை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்ததாம். "பார்த்தீர்களா சாமியின் மகிமையை!" என்று சிலர் துள்ளுவார்கள். துள்ளுவதற்கு முன் நாலாவது கேள்வியைக் கேட்கட்டும். கோயிலுக்குப் போகாத 31 பேரோடு ஒப்பிடப்படவில்லை. அன்றியும், அந்த ஆராய்ச்சிக்காரர்களே பலனுக்குக் காரணமாகச் சொன்னது பயமுறுத்தாத, ஆதரவான இடத்தைத்தான். விசேஷ பூசை எதையும் அல்ல. ஆதரவான இடம் கோயிலில்தான் கிடைக்கும் என்று யார் விதித்தது? வீட்டில் ஏன் கிடைக்கக்கூடாது? சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஏன் கிடைக்கக்கூடாது? கணக்கை நேர்மையாய்ப் படித்தால் அது நமக்கும் பாடம் சொல்லுகின்றது: மாத்திரை மாத்திரம் போதாது, மரியாதையும் வேண்டும்.

தோழர்களே! இனிச் செய்யவேண்டியது என்ன? மேலே சொன்ன அறிக்கைகள் யாவும் இனாமாகவே கிடைக்கின்றன. இன்டர்நெட் பார்க்கத் தெரிந்த ஒரு வாலிபனைக் கொண்டு எடுத்துப் படிப்பகத்தில் வைத்து வாசியுங்கள். 2005ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு மனுப் போட்டு, உங்கள் ஜில்லா ஆஸ்பத்திரியில் மனநோய் டாக்டர் எத்தனை பேர், சென்ற வருஷம் வந்த நோயாளிகள் எத்தனை பேர், மருந்து இல்லாத நாள் எத்தனை என்று கேளுங்கள். ஆனால் ஆட்களின் பெயரைக் கேட்காதீர்கள். ஊரில் வீடு வீடாய்ப் போய்ப் பட்டியல் போடவும் வேண்டாம். நமக்கு வேண்டியது தொகையே ஒழிய, ஒருவருடைய மானம் அல்ல.

2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், சர்க்கார் வைத்தியம் பெறுவதை ஒவ்வொருவருக்கும் உரிமையாக்கியிருக்கின்றது. நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைத் தடுத்திருக்கின்றது. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்காமல் ஆதரிக்கச் சொல்லுகின்றது. மனத்தாங்கல் உள்ளவர்கள் 14416 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்து இனாமாகப் பேசலாம். இவற்றை ஊரில் எத்தனை பேர் அறிவார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

"எங்கள் ஊரில் ஒருவரும் இல்லை" என்று இனி யாராவது சொன்னால், "எண்ணிப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி ஒரு மனிதனைத் தூணில் இருந்து அவிழ்த்துவிடக் கூடும்.