கொக்கி சிறியது, உயிர் பெரியது!

லாரி ஒன்று வந்து நிற்கிறது. பார்க்கிறவர்கள் எதைப் பார்ப்பார்கள்? முகப்பைப் பார்ப்பார்கள். அதில் வரைந்திருக்கும் வண்ணப் படத்தைப் பார்ப்பார்கள். சக்கரம் எத்தனை என்று பிள்ளைகள் எண்ணுவார்கள். கயிறு மாட்டும் கொக்கியை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

ஆனால், வளைவில் பாரம் சரியாமல் பிடித்து வைப்பது அந்தக் கொக்கிதான்!

பெரியகுளம் மாம்பழத்துக்குப் பெயர் பெற்ற ஊர். கம்பம் பள்ளத்தாக்கில் வாழை விளைகிறது. தென்னை விளைகிறது. திராட்சையும் காய்கறியும் விளைகின்றன. விளைந்த பொருள் வெளியூர் போனால்தான் குடியானவன் கையில் காசு வரும்.

மதுரைக்குப் போனால் சமவெளிச் சாலை. மற்றப் பக்கம் போனால் மலை! தேவதானப்பட்டியைத் தாண்டினால் கொடைக்கானல் மலைப்பாதை. மூணாறு பக்கம் போக வேண்டுமானால் போடிமெட்டு ஏற வேண்டும். அந்த ஒரு பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள்! கேரளத்துக்குப் போக, கம்பம்மெட்டும் குமுளியும் இருக்கின்றன. அவையும் மலைப்பாதைகளே.

இந்தப் பாதைகளில் போகும் ஒவ்வொரு வண்டியையும் பார்த்து ஒரு கேள்வி கேட்க வேண்டும். பாரத்தை எதில் கட்டியிருக்கிறீர்கள்?

பழைய ராணுவ லாரி

இந்தக் கேள்விக்குப் பழைய ராணுவ லாரி பதில் சொல்லுகிறது.

இரண்டாம் உலகப்போர் 1939-ல் தொடங்கி 1945-ல் முடிந்தது. பர்மா எல்லையில் கடும் சண்டை நடந்தது. அப்போது கனடா நாட்டில் செய்த போர்டு, செவர்லே லாரிகள் கப்பலில் இந்தியாவுக்கு வந்தன. அமெரிக்க ஜீப்புகளும் வந்தன. போர் முடிந்த பிறகு, ராணுவத்துக்குத் தேவைப்படாத வண்டிகள் விற்கப்பட்டன. வாங்கியவர்கள் அவற்றைச் சரக்கு லாரியாகவும் பஸ்ஸாகவும் ஓட்டினார்கள்.

போருக்குப் பிறகு மகிந்திரா நிறுவனம் பம்பாயில் ஜீப் பூட்டத் தொடங்கியது. போடி, கம்பம் பகுதியிலிருந்து ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப், அந்தப் போர்க்கால ஜீப்பின் வாரிசுதான்.

ராணுவ லாரி அழகாக இருக்காது. ஆனால், அதன் உடம்பில் இருக்கும் ஒவ்வொரு இரும்புத் துண்டுக்கும் ஒரு வேலை உண்டு.

லாரியின் முதுகெலும்புக்குச் சேஸ் என்று பெயர். இரண்டு நீண்ட எஃகுச் சட்டங்கள் முன்னிருந்து பின்வரை ஓடும். அவற்றைக் குறுக்குச் சட்டங்கள் இணைக்கும். எஞ்சின், அச்சு, தொட்டி எல்லாம் இந்தச் சேஸின் மேல்தான் நிற்கின்றன.

சேஸின் முன் நுனியில் இழுவைக் கொக்கிகள் இருக்கும். வண்டி சேற்றில் சிக்கினால், அதில் சங்கிலி மாட்டி இழுப்பார்கள். சேஸின் பின்பக்கம் நடுவில் தாழ்ப்பாள் வைத்த ஒரு பெரிய கொக்கி இருக்கும். பீரங்கியையும் இழுவை வண்டியையும் அதில் பூட்டுவார்கள். பல லாரிகளில் கனமான இரும்பு வளையங்களும் உண்டு. கிரேன் கொண்டு வண்டியைத் தூக்கவும், கப்பலிலும் ரயிலிலும் அசையாமல் கட்டி வைக்கவும் அந்த வளையங்கள் பயன்படும்.

இவை தவிர, தொட்டியின் ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் கொக்கிகள் இருக்கும். அவை தார்ப்பாய்க் கயிற்றை மாட்டுவதற்கு.

முதல் மூன்றும் எலும்பில் மாட்டியவை. கடைசியில் சொன்னது தோலில் மாட்டியது! தோலில் இருக்கும் கொக்கி தார்ப்பாயைத் தாங்கும். பாரத்தைத் தாங்காது. இதுதான் ராணுவ லாரி சொல்லும் பாடம்.

போர்க்காலத்தோடு இந்தப் பாடம் முடிந்துவிடவில்லை. 1959 முதல் ஜபல்பூரில் செய்யப்பட்ட ‘சக்திமான்’ ராணுவ லாரியும், அதற்குப் பிறகு சென்னை அசோக் லேலண்டு நிறுவனம் உருவாக்கிய ‘ஸ்டாலியன்’ லாரியும் இதே முறையில் வந்தவைதான்.

பாரம் ஏன் ஓடுகிறது?

பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறோம். டிரைவர் திடீரென்று பிரேக் போடுகிறார். நாம் முன்னே போய் விழுகிறோம். பஸ் நின்றுவிட்டது, நம் உடம்பு நிற்கவில்லை!

லாரியில் இருக்கும் பாரமும் அப்படித்தான். பிரேக் போட்டால் டிரைவர் இருக்கும் பக்கம் பாயும். வளைவில் திரும்பினால் வெளிப்பக்கம் சாயும். மலைப்பாதையில் வெளிப்பக்கம் என்றால் என்ன? பள்ளம்!

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பாரம் 10 டன் என்றால், முன்பக்கம் பாயாமல் தடுக்க 8 டன் பலம் வேண்டும். பக்கவாட்டில் சாயாமல் தடுக்க 5 டன் பலம் வேண்டும். முன் தடுப்பு, தரையின் பிடிப்பு, கயிறு, கொக்கி எல்லாம் சேர்ந்து இந்தப் பலத்தைக் கொடுக்க வேண்டும்.

கயிறு இறங்கும் விதமும் முக்கியம். பாரத்தின் மேல் போட்ட கயிறு செங்குத்தாகக் கீழே இறங்கினால், முழுப் பலத்தோடு அமுக்கும். சாய்ந்து 30 டிகிரி அளவுக்குப் படுத்துவிட்டால், பாதிப் பலத்தோடுதான் அமுக்கும். பாரம் உயரம் குறைவாக இருந்தால் மேலே போட்ட கயிறு மட்டும் போதாது. பாரத்தையே முன்னும் பின்னும் இழுத்துக் கட்ட வேண்டும்.

நம் லோடுமேன்கள் கட்டும் கட்டு சாதாரணமானது அல்ல. கயிற்றில் ஒரு கண் போடுவார்கள். அதன் வழியே நுனியை இழுத்து, உடம்பின் பலம் முழுவதையும் கொடுத்து இறுக்குவார்கள். அந்தக் கட்டு எளிதில் தளராது. ஆனால், கொக்கி பலகையைப் பிய்த்துக்கொண்டு வந்தால் அந்தக் கட்டு என்ன செய்யும்? பாவம், கட்டியவர்மேல் பழி விழும்!

எங்கே தவறுகிறது?

நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரிக்குப் பாடி கட்டும் தொழில் புகழ் பெற்றது. பல மாநிலங்களிலிருந்து அங்கே வண்டி வருகிறது. புது லாரி உறுதியாகத்தான் வெளியே வருகிறது.

வண்டி பழசாகும்போதுதான் கோளாறு தொடங்குகிறது. கொக்கி ஒன்று உடைகிறது. பக்கத்துப் பட்டறையில் ஒரு கம்பியை வளைத்துப் பலகையோரம் பற்றவைக்கிறார்கள். போல்ட் ஒன்று விழுகிறது. கைக்குக் கிடைத்த போல்ட்டை முடுக்குகிறார்கள். தலையில் 8.8 அல்லது 10.9 என்று எண் பொறித்த போல்ட் இருந்த இடத்தில், எண்ணே இல்லாத மெல்லிய போல்ட் உட்காருகிறது. வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வளைவில் தெரியும்!

இன்னொரு தவறும் நடக்கிறது. கொக்கி மாட்டுவதற்காகச் சேஸ் சட்டத்தின் மேல் விளிம்பிலோ கீழ் விளிம்பிலோ துளை போடுகிறார்கள். பாரம் ஏறும்போது சட்டம் வளையப் பார்க்கும். அந்த இழுப்பை அதிகமாகத் தாங்குவது இந்த இரண்டு விளிம்புகள்தான். அங்கே துளை போட்டால் சட்டம் வெடிக்கும். கண்ட இடத்தில் பற்றவைத்தாலும் சூட்டினால் எஃகின் உறுதி குறையும். வண்டி செய்த நிறுவனம் காட்டிய இடத்தில், காட்டிய முறையில்தான் துளை போட வேண்டும்.

“இத்தனை வருஷம் இப்படித்தான் ஓட்டினோம். ஒன்றும் ஆகவில்லையே!” என்று சிலர் சொல்வார்கள். ஒன்றும் ஆகாதது கொக்கியின் பலத்தால் அல்ல, டிரைவரின் திறமையால்! ஒரு நாள் மாடு குறுக்கே வரும். பிள்ளை குறுக்கே ஓடும். அன்றைக்கு டிரைவர் பிரேக்கை மிதித்தே தீர வேண்டும். அந்த ஒரு நாளுக்காகத்தான் கொக்கி!

“செலவு ஆகுமே” என்பார்கள். ஆகும். ஆனால், ஒரு லோடு வாழைத்தார் பள்ளத்தில் கொட்டினால் ஆகும் நஷ்டம் எவ்வளவு? போன உயிருக்கு விலை எவ்வளவு?

செய்ய வேண்டியது என்ன?

லாரி உரிமையாளர்கள் கொக்கிகளைச் சேஸோடு உறுதியாக இணைந்த சட்டத்தில் மாட்ட வேண்டும். உடைந்த கொக்கிக்குப் பதில் அதே பலமுள்ள கொக்கி போட வேண்டும். பிக்-அப் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். மெல்லிய தகட்டில் கயிறு கட்டக்கூடாது.

டிரைவர்கள் மலை ஏறுமுன் ஒரு முறை வண்டியைச் சுற்றி வர வேண்டும். கயிற்றை இழுத்துப் பார்க்க வேண்டும். கொக்கியை ஆட்டிப் பார்க்க வேண்டும். கொஞ்ச தூரம் போனபின் மறுபடியும் பார்க்க வேண்டும். வண்டி குலுங்கும்போது பாரம் படியும், கட்டு தளரும்.

சரக்கு அனுப்பும் வியாபாரிகள், “இன்னும் பத்துப் பெட்டி ஏற்று” என்று வற்புறுத்தக் கூடாது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 2019-ல் திருத்தப்பட்டது. அதன்படி, அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால் 20 ஆயிரம் ரூபாய் அபராதம். அதற்கு மேல், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2 ஆயிரம் ரூபாய். பக்கவாட்டில் பாரம் பிதுங்கி நின்றாலும் 20 ஆயிரம் ரூபாய்.

அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். எப்.சி. கொடுக்கும்போது விளக்கைப் பார்க்கிறீர்கள், பிரேக்கைப் பார்க்கிறீர்கள். குனிந்து கொக்கியையும் பாருங்கள்! ஆட்டம் கண்ட கொக்கியோடு எந்தச் சரக்கு வண்டியும் மலை ஏறக்கூடாது.

குடும்பத்தார் செய்யக் கூடியதும் உண்டு. வீட்டில் ஒருவர் லோடு ஏற்றும் வேலைக்குப் போகிறாரா? “மூட்டைமேல் உட்கார்ந்து வராதீர்கள்” என்று தாயும் மனைவியும் கண்டித்துச் சொல்ல வேண்டும். பாரம் சரிந்தால் அதன்மேல் இருப்பவர்தான் முதலில் விழுவார்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாண் ஓடாது என்பது பழமொழி. ஆணி கழன்றால் தேர் நின்றுவிடும், அவ்வளவுதான். கொக்கி கழன்றால் லாரி நிற்காது. பாரத்தையும் ஆளையும் பள்ளத்தில் தள்ளிவிட்டுத்தான் நிற்கும்!

ஆகவே, பாரத்தை எலும்பில் கட்டுங்கள். தோலில் கட்டாதீர்கள்!