பெயரிலேயே ஒரு மரம்

அமெரிக்காவிலே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சின்ன வகுப்பிலேயே படிக்கிற பாடம் ஒன்று உண்டு. உன் ராஜ்யத்தின் பறவை எது, பூ எது, மரம் எது? அங்கே 50 ராஜ்யங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சின்னங்கள். நம் பிள்ளைகளைக் கேட்டால் மயில், புலி என்று டக்கென்று சொல்வார்கள். அவை பாரத தேசத்தின் சின்னங்கள். தமிழ்நாட்டுக்கு என்ன என்றால் பெரியவர்களே கொஞ்சம் விழிக்கிறோம்!

பனவடலிசத்திரத்துப் பிள்ளைகள் விழிக்க வேண்டியதில்லை. திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகும் பாதையில், தேவர்குளத்தைத் தாண்டினால் வருகிற ஊர் அது. 2019-ல் பிரிந்த தென்காசி ஜில்லாவைச் சேர்ந்தது. பெயரைப் பிரித்துப் பாருங்கள், தம்பி தங்கைகளே! பனை, வடலி, சத்திரம். வடலி என்பது இளம் பனை. நம் ராஜ்யத்தின் மரமும் பனைதான்.

மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். பறவை மரகதப் புறா. பழம் பலா. 2019-ல் பட்டாம்பூச்சி ஒன்றும் சேர்ந்தது. அதற்குப் பெயர் தமிழ் மறவன். பூ செங்காந்தள். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே தேசத்துக்கும் அதுவே தேசிய மலர். பார்த்து ரசியுங்கள், கிழங்கை மட்டும் தொடாதீர்கள், கொடிய விஷம். மிருகம் வரையாடு. 2024-ல் தமிழ்நாட்டு மலைகளில் எண்ணிப் பார்த்தபோது 1,031 தான் தேறின. ஒரு பெரிய உயர்நிலைப் பள்ளியில் அதைவிட அதிகப் பிள்ளைகள் இருப்பார்கள்!

சர்க்கார் கடிதங்களில் கோபுர முத்திரையைப் பார்த்திருப்பீர்கள். 'வாய்மையே வெல்லும்' என்று அடியில் எழுதியிருக்கும். அது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்பது பொதுவான பேச்சு. மதுரை மீனாட்சி கோயில் மேலக் கோபுரம் என்பாரும் உண்டு. சங்கரன்கோவில்காரர்கள் எந்தக் கட்சி என்று கேட்கவே வேண்டாம். ராஜபாளையம் வழியாகப் போனால் ஸ்ரீவில்லிபுத்தூர்தானே பக்கம்!

மறுபடி பனைக்கு வருவோம். அமெரிக்காவில் தென் கரோலினா என்ற ராஜ்யத்துக்கும் பனை ஜாதி மரமே சின்னம். நம் பனைக்குப் பங்காளி முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1776 ஜூன் 28-ந் தேதி, சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்கு அருகே ஒரு தீவில், அந்த மரங்களை அடுக்கிக் கட்டிய அரைகுறைக் கோட்டையை வெள்ளைக்காரக் கப்பல்கள் சுட்டன. மரம் பஞ்சு போன்றது. குண்டுகள் அதில் புதைந்தனவே தவிர, கோட்டை சிதறவில்லை. கப்பல்கள் திரும்பிப் போயின. அந்த மரத்தை 1861-ல் கொடியிலேயே வைத்துவிட்டார்கள்.

நம் பனை குண்டைத் தாங்கியதில்லை. ஆனால், அச்சு யந்திரம் வருமுன் தமிழில் எழுதிய நூல்களையெல்லாம் பல நூற்றாண்டுகள் தாங்கியது அதன் ஓலைதானே! பதனீர், நுங்கு, கருப்பட்டி, கிழங்கு, கூரைக்கு ஓலை, வீட்டுக்குப் பனங்கை என்று எல்லாம் கொடுக்கிறது. தண்ணீர் ஊற்றச் சொல்லிக் கேட்பதும் இல்லை. ஒரே ஒரு பிடிவாதம், அவசரப்படாது. வடலி பாளை விடப் பன்னிரண்டு, பதினைந்து வருஷம் ஆகும். ஆண் பனையா பெண் பனையா என்பதே அப்போதுதான் தெரியும்!

அப்படி வளர்ந்ததை வெட்ட ஒரு நாழிகை போதும். செங்கல் சூளைக்கு விறகாகப் போன பனைகள் எத்தனையோ. ஆகவே 2021-ல் சர்க்கார், பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தது; லட்சக்கணக்கில் பனங்கொட்டை நடவும் திட்டம் போட்டது. அனுமதிச் சீட்டு மரத்தைக் காப்பாற்றும், சரி. புது வடலிக்கு யாராவது கொட்டை போட்டாக வேண்டுமே?

அது சிறு பிள்ளைகளும் செய்யக்கூடிய வேலை. ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும். சப்பிப் போட்ட கொட்டையை மண்ணில் புதைத்தால், பொங்கல் சமயத்தில் கிழங்கு தயார். அவித்துத் தின்னுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. குளத்தங்கரையில் புதைத்த ஒன்றிரண்டை மட்டும் தோண்டாமல் விட்டுவிடுங்கள். அதுதான் வடலி!